செவ்வாய்க்கிழமைப் பரீட்சை

...பின்னோக்கிப் போவது போலத் தெரிகிறது, அவ்வளவுதான், நிஜத்தில் போவதில்லை, பூமி உள்வட்டத்தில் வேகமாக வந்து செவ்வாயைத் தாண்டும்போது அப்படித் தோன்றும், ஐந்து மதிப்பெண், படம் அவசியம்... இதைப் புரியவைத்ததே அத்தை மகன் சுரேந்தர்தான், போன வருஷம் இதே ரயிலில், கடலூர் துறைமுகத்தில் பக்கத்துத் தண்டவாளத்தில் மெதுவாகப் போன கூட்ஸ் வண்டியைக் காட்டி, "அது பின்னால போவுதா வினோ, நாம முந்துறமா?" என்று. அடுத்தது, செவ்வாய் ஏன் சிவப்பு? இரும்புத் துரு. துருப்பிடித்த ஒரு உருண்டைக்கு என் கல்யாணத்தில் என்ன வேலை? ஏழாம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதாம், மகனுக்கு என்னைக் கட்டமாட்டேன் என்று வருஷம் முழுக்க முறுக்கிக்கொண்டிருந்த அத்தை இப்போது இறங்கி வந்திருக்கிறாள், இன்றைக்கு வைத்தீஸ்வரன்கோயிலில் பரிகாரம் செய்தால் சம்மதமாம், அடுத்த செவ்வாய் ஆகாதாம், ஜோசியர் குறித்த நாள் இதுதானாம். பத்து மணிக்கு சிதம்பரத்தில் எனக்கு வானியல் பரீட்சை, அதே பத்து மணிக்குக் கோயிலில் அத்தையும் சுரேந்தரும் காத்திருப்பார்கள். "ஒரு பரிச்சதானடி" என்று அம்மா சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், ஆனால் இந்தப் பேப்பரில் முதல் மதிப்பெண் வாங்கிய மனுஷன், காலையில் போனில் என்ன சொன்னார்? "அரியர் வச்சி எழுதிக்க வினோ, எங்கம்மா மனசு மாறுனதே பெருசு." நீங்க நம்புறீங்களா மாமா என்று கேட்டேன். "சேச்சே, அம்மாவுக்காவதான்." நம்புகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன், நம்பாத ஒன்றுக்காக என் பரீட்சையைத் தூக்கிப் போடச் சொல்ல எப்படி மனசு வந்தது?

கெப்ளர் மூன்றாம் விதி, சுற்றுக்காலத்தின் வர்க்கம், தொலைவின் கனம்... கிள்ளை தாண்டிவிட்டது. இறங்கத்தான் போகிறேன், அதில் சந்தேகமே இல்லை, நேற்றே முடிவெடுத்தாயிற்று, அவர் கோயில் வாசலில் நிற்கட்டும், வெயில் ஏறட்டும். ஹால் டிக்கெட் இருக்கிறதா என்று பையைத் துழாவினேன், இருந்தது, கூடவே ரயில் டிக்கெட்டும் வந்தது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வைத்தீஸ்வரன்கோயில். கவுண்டரில் அம்மா இல்லை, அவர் இல்லை, ஜோசியரும் இல்லை, நான்தான் வாயைத் திறந்து கேட்டு வாங்கியிருக்கிறேன்... எப்போது கேட்டேன்? வண்டி சிதம்பரத்தில் நிற்கிறது, வாசல் கம்பியைப் பிடித்திருக்கிறேன், பின்னாலிருந்து யாரோ ஒரு அம்மா, "எறங்குறியா இல்லியா, வழிய வுடும்மா" என்கிறார். எறங்குறேன் என்று சொல்கிறேன். கை இன்னும் கம்பியை விடவில்லை.