நான்கு வரிசையும் ஒரு கௌதாரிக் குடும்பமும்

1

இந்தக் கதை என்னுடைய தப்புக் கணிப்பில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வேறொரு நாவலை முடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு அண்ணன் வீட்டு மாடியறையில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். நாவல் ஓர் அடி நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பருத்தி வயல், அதை ஒட்டிக் காடு. தினமும் வயல் ஓரத்தில் ஒரு பெண் ஒரு கௌதாரியையும் அதன் ஏழு குஞ்சுகளையும் ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தாள். கை தட்டினாள், துண்டை வீசினாள், வாய்க்கு வந்தபடி திட்டினாள். நம்மால் சும்மா இருக்க முடியுமா? உடனே எழுதினேன்:

"அவளுக்கு ஈவிரக்கம் என்பதே கிடையாது. பருத்தியைத் தவிர அவள் கண்ணில் வேறெதுவும்—"

வாக்கியத்தை அடிக்காமல் விட்டுவைத்திருக்கிறேன். என் அசட்டுத்தனத்துக்குச் சாட்சி வேண்டாமா?

2

அண்ணி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"யாரைப் பத்தி எழுதியிருக்கீங்கன்னு தெரியுமா? அவளுக்கு இங்க வரப்புக்காரின்னுதான் பேரு. காட்டுல இருக்கறதெல்லாம் நடந்து போகட்டும்னு சொந்த நிலத்துல எட்டடிக்குப் புல்லு வரப்பு விட்டவ அவ."

"அப்புறம் ஏன் விரட்டுறாங்க?"

"அதைத்தான் எல்லாரும் கேக்கறோம். மூணு வருஷமா விருந்து வச்சுட்டு, இப்ப வாசல்லயே நின்னு துரத்துறா."

(கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. கேள்விதான் கிடைத்ததே ஒழிய, பதில் அண்ணியிடமும் இல்லை. பருத்திக்குச் சான்று கொடுக்கும் ஆய்வாளர் வந்துபோன பிறகு வரப்புக்காரியே சொன்னாள். இனி அவள் பக்கம் நின்று சொல்கிறேன்.)

3

வரப்புக்காரி மூன்று வருஷமாக நிலத்தில் பூச்சிமருந்தோ ரசாயன உரமோ போடவில்லை. முதல் வருஷம் பாதிப் பருத்தியைப் புழு தின்றது. இரண்டாம் வருஷம் வரப்புப் புல்லில் பறவைகள் குடியேறிப் புழுவைத் தின்றன. இந்த வருஷம் காய் பிடித்திருந்ததைப் பார்த்து தன் கண்ணே பட்டுவிடுமோ என்று பயந்தாள். மூன்று வருஷம் சுத்தமாக இருந்தால் இயற்கைப் பருத்தி என்று சான்று கிடைக்கும். சான்று இருந்தால்தான் பெண்கள் சங்கத்து ஆலையில் அவள் பருத்தியை எடுப்பார்கள். அப்படி எடுத்துவிட்டால், அவள் கணவர் வெளியூரில் மூட்டை தூக்கப் போவதை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கலாம். நடுவில் ஒரு சொட்டு மருந்து பட்டாலும் மறுபடி முதல் வருஷம்தான்.

சான்றுக்கான ஆய்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அந்தச் சொட்டு பட்டது.

இலையில் அசுவினிப் பூச்சி. வேப்பிலையும் பூண்டும் மிளகாயும் ஊறவைத்த கரைசல் தயாராக இருந்தது. ஸ்பிரேயர்தான் காலை வாரிவிட்டது. கணவர் மச்சான் வீட்டு ஸ்பிரேயரைக் கேட்டு வாங்கி வந்தார். அடியில் ஏதோ கொஞ்சம் தேங்கிக் கிடந்தது. மச்சான் கழுவின தண்ணீர் என்று நினைத்து, அதன் மேலேயே கரைசலை ஊற்றிவிட்டார். மச்சானாவது, கழுவுவதாவது. நான்காவது வரிசை முடியும்போது பூண்டு வாசத்தை மீறி மருந்து நெடி அவள் மூக்கில் ஏறியது.

(அந்தக் கணவரை முதல் பிரதியில் குடிகாரராக்கியிருந்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. நேரில் பார்த்தால் மனிதர் டீயையே சர்க்கரை போடாமல் குடிக்கிறவர். அடித்துவிட்டேன்.)

மறுநாள் அந்த நான்கு வரிசையிலும் பூச்சிகள் செத்தும் துடித்தும் கிடந்தன. குஞ்சு பொரித்த கௌதாரிக்கு நோகாமல் கிடைத்த தீனி. வரப்புக்காரி வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அதை விரட்ட அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் வயலுக்கு ஓடினாள்.

4

மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு வரிசை. ஆய்வாளர் பத்து இடத்தில்தான் இலை பறிப்பார்.

"நீ பேசாம இரு," என்றார் கணவர். "நான் பண்ண தப்புக்கு உன்னோட மூணு வருஷம் போகணுமா?"

"பேசாமதான் இருக்கப் போறேன்."

மனசாரத்தான் சொன்னாள். ஆய்வாளர் வந்தார், மறுகோடியில் குனிந்து இலை பறித்துப் பையில் போட்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது வரப்பிலிருந்து கௌதாரி இறங்கியது. பின்னால் ஏழும். நேராக அந்த நான்கு வரிசையைப் பார்த்து.

முடிவு அ: அவள் அசையவில்லை. சான்று கிடைத்தது. மறுநாள் காலை வரப்பில்— (இது என்னால் ஆகாது. ஏழையும் ஜன்னல் வழியே எண்ணி எண்ணிப் பழகிவிட்டது.)

முடிவு ஆ: என்ன தோன்றியதோ, குஞ்சுகள் தாமாகவே திரும்பிப் போயின. (இதை வரப்புக்காரியிடம் படித்துக் காட்டினேன். "அதுங்களுக்கு அவ்வளவு புத்தி இருந்தா நான் ஏங்க பதினஞ்சு நாளா நாயா அலைஞ்சேன்?" என்றாள்.)

5

அவள் ஓடினாள். கை தட்டினாள், துண்டை வீசினாள். கௌதாரி பதறிக்கொண்டு குஞ்சுகளோடு வரப்பில் ஏறிக்கொண்டது.

ஆய்வாளர் நிமிர்ந்தார். "என்னம்மா இது, காட்டு ஜீவனுக்கு வழி விட்டிருக்கறதா படிவத்துல எழுதியிருக்கீங்க. நீங்களே விரட்டுறீங்களே?"

கணவர் தூரத்திலிருந்து வேண்டாம் என்று தலையாட்டினார். விதையைக் கொத்துகிறது, செடியை மிதிக்கிறது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். பொய்க்கா பஞ்சம்?

"இந்த நாலு வரிசையில மருந்து பட்டிருக்கு சார். எனக்குத் தெரியும். அதுங்களுக்குத் தெரியாது."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பின்னால் என்னிடம் சொல்லும்போது, அந்த இடத்தில் அவள் முகம் நிறையச் சிரித்தாள். "சொல்லி முடிச்சதும் அப்படி ஒரு பசிங்க எனக்கு. பதினஞ்சு நாள் பசி."

ஆய்வாளர் குறிப்பேட்டைத் திறந்தார். நான்கு வரிசையை மட்டும் தனியாகப் பிரித்து எழுதினால், அவை முதல் வருஷத்துக்குப் போகும், மற்றவற்றுக்குச் சான்று உண்டு. வயல் முழுவதும் என்று எழுதினால், எல்லாமே முதலிலிருந்து. விதி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும். சொல்வதாக இல்லை. பேனாவை உங்களிடம் கொடுக்கிறேன், எழுதுங்கள்.

ரொம்ப நேரம் யோசிக்கவும் முடியாது. அவள் உங்களைக் கூப்பிடுகிறாள்.

"எதை வேணா எழுதுங்க சார். எழுதிட்டு இந்தப் பக்கமா சுத்தி வாங்க. குஞ்சுங்க அங்க வரப்புல படுத்திருக்கு, மிதிச்சிடப் போறீங்க."