கறுப்பு ஒயர்

நானும் கன்னியப்பனும் முப்பது வருஷம் ஒரே கார் கம்பெனியில், ஒரே லைனில் நின்றவர்கள். நாங்கள் விளக்கு மாட்டிய கார்களை வரிசையாக நிறுத்தினால் ஒரகடத்தில் தொடங்கி இமயமலை வரை போகும். அதற்கு மேல் ரோடு இல்லை.

ரிட்டயர் ஆனதும் நான் காலை நீட்டிப் படுத்தேன். அவன் பழைய பைபர் படகு ஒன்றை வாங்கினான். சூப்பர்வைசர் இல்லாத இடத்தில் உட்கார்ந்து தூண்டில் போட வேண்டுமாம். ஆனால் படகு ஆறு மாதமாக வாசலிலேயே கிடந்தது. அதைத் தள்ளிவிட்டுத்தான் அவன் மனைவி கனகம் தினமும் ஸ்கூட்டியை எடுப்பாள். போன சனிக்கிழமை கெடு வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் இரண்டு மணி ஷிப்டுக்குப் போவதற்குள் படகு தண்ணீரில் ஓட வேண்டும். இல்லையென்றால் காயலான் கடை.

கன்னியப்பன் அழாத குறையாக எனக்குப் போன் போட்டான்.

மணிமங்கலம் ஏரிக்கரையில் படகை இறக்கினோம். பின்பக்கம் பேட்டரியைப் பெல்ட் போட்டுக் கட்டினோம். மோட்டார், முன்விளக்கு, மீன்கள் ஒதுங்கிக்கொள்ள ஒரு ஹாரன். எல்லாவற்றுக்கும் சிவப்பு ஒயர், பியூஸ், சுவிட்ச். கறுப்பு ஒயர்களை மட்டும், லைனில் செய்கிற மாதிரியே, அங்கங்கே படகின் உடம்பில் துளை போட்டு முறுக்கினோம். காரில் கறுப்பு ஒயர் பாடியைத் தொட்டால் போதும், மிச்சத்தை இரும்பு பார்த்துக்கொள்ளும்.

வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. ஊர் என்றால் ஏழு பேர், இரண்டு எருமைகள்.

கன்னியப்பன் சுவிட்சைப் போட்டான். ஹாரன் முனகக்கூட இல்லை. பியூஸை மாற்றினோம். செத்த பேட்டரியைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனை ஏழு தலைமுறைக்கும் திட்டினேன். சந்தேகத்துக்குப் பேட்டரியின் இரண்டு முனைகளையும் உரசினால், பறந்த பொறியில் என் பாதி மீசை போயிற்று. பேட்டரி பேயாக இருந்தது. மணி ஒன்றே கால்.

அப்போதுதான் கனகம் யூனிபார்மோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். எட்டிப் பார்த்தாள். படகை விரலால் தட்டினாள். பிளாஸ்டிக் பக்கெட்டைத் தட்டிய சத்தம்.

"ண்ணா, இது இரும்பா? போன கரண்டு எந்த வழியாத் திரும்பி வரும்?"

ஆயிரம் வோல்ட் எங்கள் இரண்டு பேர் உச்சியிலும் இறங்கியது.

அவள் கட்டிங் பிளேயரைப் பிடுங்கினாள். கறுப்பு ஒயர்களைக் கழற்றி, நீளம் கூட்டி, ஒவ்வொன்றையும் பேட்டரியின் மைனசுக்கே கொண்டுவந்து சேர்த்தாள். சாண் இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினாள். இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கன்னியப்பன் வாய் குழறிக் கேட்டான்.

"பதினோரு வருசமா நான் கம்பெனில இன்னா, பூவா கட்டிகினு கீறேன்? உன் கார்ல மாட்ன ஒயர் கட்டெல்லாம் எங்க லைன்ல கட்னதுதான்யா."

ஓ.டி. பணம் உண்டா என்று அவளிடம் கேட்டிருக்கிறான். என்ன வேலை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் படகில் ஏறி ஹாரனை அழுத்தினாள். எருமைகள் பக்கத்து ஊர் படப்பையைத் தாண்டி ஓடின. மோட்டார் சுழன்று, படகு வழுக்கிக்கொண்டு போய் ஒரு வட்டம் அடித்துத் திரும்பியது. கனகம் படகிலிருந்தபடியே போனில் அரை நாள் லீவு சொன்னாள்.

"ஏறுய்யா. தூண்டில மட்டும் புடி. ஒயர்ல கை வெச்சே, நடு ஏரில எறக்கி வுட்ருவேன்."

கன்னியப்பன் ஏறி, முன்பக்கம் கைகட்டி உட்கார்ந்தான். பின்னால் சூப்பர்வைசர்.

எனக்கு இடமில்லையாம். போய் எருமைகளை ஓட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.