எடுத்த புருவம்

“எடுத்தத திருப்பி வைக்க முடியுமாக்கா?” என்று வேம்பு கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் பார்லரில் எத்தனையோ விதமாகக் கேட்பார்கள். வில் மாதிரி வேண்டும், சினிமாவில் பார்த்த மாதிரி வேண்டும், மாமியாருக்குத் தெரியாத மாதிரி வேண்டும் என்பார்கள். திருப்பி வை என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் அவள் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்காராமல், கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு, இரண்டு விரலால் புருவத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்தால் முளைத்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

திருவாரூரில் என் வீட்டு முன்னறைதான் பார்லர். ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, வாசலில் திரை, ‘ஆண்களுக்கு அனுமதி இல்லை’ என்று ஒரு போர்டு. ஊரில் பாதி ஆண்கள் அப்போது சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்ததால் அந்தப் போர்டுக்குப் பெரிதாக வேலை இல்லை. எந்த வீட்டுக்காரர் லீவில் வருகிறார் என்பது சொந்தக்காரர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். பெண்டாட்டி வந்து நாற்காலியில் சாய்ந்து, “ஃபெபிக்கா, ஐப்ரோ” என்று நெற்றியைக் காட்டுவாள். புருஷன் ஊரில் இல்லாத நேரத்தில் எடுத்துக்கொண்டால் யாருக்காக என்று கேட்பதற்கு ஒரு தெருவே காத்திருக்கும். அதனால் மாதக் கணக்கில் காடாக வளரவிட்டு, பிளைட் டிக்கெட் போட்ட பிறகுதான் வருவார்கள்.

வேம்பு இந்தக் கூட்டத்தில் சேராதவள். கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கிராமம், நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவள். நாத்தனார் கல்யாணத்துக்கு மணப்பெண்ணோடு துணையாக வந்தபோது, சும்மா உட்காரடி என்று அவளுக்கும் எடுத்துவிட்டேன். நூல் பட்டதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது, தும்மல் மேல் தும்மலாகப் போட்டாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தவள் அதை விட்டு நகரவே இல்லை. அன்று முழுக்கப் புருஷன் வீரையன் சோற்றைப் பார்க்காமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததாக அடுத்த தடவை வந்தபோது சொல்லி முகத்தை மூடிக்கொண்டாள். அதிலிருந்து மாதம் தவறினாலும் வேம்பு தவறமாட்டாள். கணுக்காலில் சேறு காய்ந்திருக்கும், நகமெல்லாம் கறுத்திருக்கும், புருவம் மட்டும் எழுதி வைத்தது போல இருக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கிற புருஷனுக்காகப் புருவம் எடுத்துக்கொண்ட என் ஒரே கஸ்டமர் அவள்தான். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

அது காவிரியில் தண்ணீர் வராமல் போன இரண்டாவது வருஷம். குறுவை போயே போயிற்று. சம்பாவுக்கும் நாற்று விட முடியாமல், வருகிற மழை வரட்டும் என்று புழுதியிலேயே விதையைத் தூவிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தூவின வயலில் நடவு கிடையாது. நடவு இல்லையென்றால் வேம்புக்கு வேலை இல்லை. அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பதிந்திருப்பது எனக்குத் தெரியும். ஏஜென்ட் போட்டோ கேட்டதும் என்னிடம்தான் ஓடிவந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற போட்டோ மாதிரி நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. புருவம் எடுத்து, பவுடர் போட்டு, பூ வைத்து, முகத்தை லேசாகச் சாய்த்து, ஸ்டூடியோவில் திரைச்சீலை முன்னால் நின்று எடுத்துக்கொண்டாள். அந்தப் போட்டோதான் இப்போது திரும்பி வந்திருந்தது.

“வேணாம்னுட்டாங்களாம்க்கா. அந்த வூட்டம்மா பாத்துட்டு, இவ வேலைக்கு வர்றவ மாதிரி இல்லையேன்னு சொல்லிட்டாங்களாம். குவைத்துலேந்து லீவுல வந்துருக்காங்களே அருள்ஜோதிக்கா, அவங்ககிட்ட கேட்டேன். வூட்ல ஆம்பளைங்க இருக்காங்கள்ல, சில வூட்ல புருவம் எடுத்தவள சேக்கவே மாட்டாங்களாம்.”

“கூட்டிப் பெருக்குறதுக்கும் புருவத்துக்கும் என்னடி சம்பந்தம்?”

“நாளைக்குள்ள வேற போட்டோ குடுக்கணும். இல்லாட்டி வேற பொண்ண அனுப்பிருவாராம் ஏஜென்ட்டு.”

“அது வளர ஒரு மாசமாவது ஆவும்.”

“அதான் உங்ககிட்ட வந்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். என் கையால் அவளுக்குக் கிடைத்த ஒரே ஒரு அழகு, அதையும் வேண்டாம் என்று எங்கேயோ இருக்கிற ஒருத்தி சொல்லிவிட்டாள். “போவாதடி. கர்த்தரே வேணாம்னு காட்டுறாரு” என்றேன்.

“தண்ணிய வுடச் சொல்லுங்க உங்க கர்த்தர, நான் போவல.” சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். “பள்ளிக்கூடத்துல சோறு போடுறதால எம்பொண்ணு கயலு சாப்புடுது. ஞாயித்துக்கெழம வந்தா அது மூஞ்சிய என்னால பாக்க முடியலக்கா.”

திரை விலகின இடைவெளியில் வீரையன் தெரிந்தான். எதிர்ச்சுவர் ஓரமாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் அவ்வளவு தூரமும் அவளை வைத்து மிதித்து வந்திருக்கிறான், பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.

“அவரு என்ன சொல்றாரு?”

“ஒண்ணும் சொல்லல. போட்டோ திரும்பி வந்த அன்னிக்குத்தான் நல்லா தூங்குனாரு. அதுலயே தெரியலையா?”

நாற்காலியில் உட்காரவைத்தேன். முகத்தில் பவுடர் பொட்டுக்கூட இல்லாமல் துடைத்தேன். கல்யாணப் பெண்களுக்கு வைத்திருக்கிற ஐப்ரோ பென்சிலைக் கூராகச் சீவினேன். பட்டையாக இழுத்தால் பிளாஷ் வெளிச்சத்தில் மை மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். முடி முடியாக, ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக, ஒழுங்கே இல்லாமல் போட வேண்டும். இத்தனை வருஷமும் ஒழுங்குபடுத்திப் பழகின கைக்கு அது வரவில்லை. தன்னை அறியாமல் வளைவுக்கே போய் நின்றது. துடைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தேன். நடுவில் ஒரு எண்ணம் வந்தது. கொஞ்சம் கேவலமாகப் போட்டுவிட்டால் ஏஜென்ட் கண்டுபிடித்துவிடுவார், இவள் இங்கேயே இருப்பாள். கண்ணாடி வழியாக வேம்பு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை நம்பி வந்தவளை எப்படி ஏமாற்றுவது? ஞாயிற்றுக்கிழமைக்கு நான் பதில் சொல்ல முடியுமா? ஒழுங்காகவே போட்டேன். இரண்டு புருவத்துக்கும் நடுவில் மூக்குத் தண்டுக்கு மேலேயும் நாலைந்து முடி வரைந்தேன். தலையில் எண்ணெய் வழியத் தடவி இறுக்கிப் பின்னிவிட்டேன்.

முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். அசிங்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. கிராமத்தில் யார் நூலும் படாமல் வளர்ந்த ஒரு பெண், அவ்வளவுதான். வெகுநேரம் கிட்டத்திலேயே பார்த்ததில் எனக்குக் கண் மரத்துப் போயிருந்தது, நிஜ முடி மாதிரி தெரிகிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. வேறு யாரும் இல்லாததால் திரையை ஒதுக்கி வீரையனைக் கூப்பிட்டேன். அவன் போர்டைப் பார்த்துத் தயங்கினான்.

“பரவால்ல, வாப்பா. இது எழுதுன மாதிரி தெரியுதான்னு பாத்துச் சொல்லு.”

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தான். நாற்காலியை அவன் பக்கம் திருப்பினேன். வேம்பு நிமிர்ந்து உட்கார்ந்தாள், போட்டோவுக்கு உட்காருவது போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு. அவன் அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பதில் வராததால் கலைத்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான் என்று நான் பஞ்சைக் கையில் எடுத்துவிட்டேன்.

“எழுதுன மாதிரி இல்லக்கா” என்றான் கடைசியில். அவளிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னான். “பொண்ணு பாக்கப் போனப்ப இப்படித்தான் இருந்துச்சு.”

வேம்புக்கு உதடு கோணியது. கண் நிறைந்து பொலபொலவென்று கொட்ட, கை தானாக முகத்துக்குப் போனது.

“தொடாதடி!” என்று கத்திவிட்டேன். “கலைஞ்சிரும்.”

கை பாதியில் நின்றது. அவள் அப்படியே, துடைக்காமல், என்ன செய்வது என்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். வீரையன் அவள் முன்னால் வந்து குனிந்தான். தோளில் கிடந்த துண்டின் நுனியை ஒரு விரலில் சுற்றிக்கொண்டான். இன்னொரு கையால் அவள் மோவாயைப் பிடித்து, புருவத்தில் படாமல், கண்ணுக்குக் கீழே மட்டும் மெல்ல மெல்ல ஒற்றி எடுத்தான்.