இடக்காலுக்கு மட்டும் ஷியா வெண்ணெய்

முப்பத்தாறு வருடம் வீடு வீடாகக் கரண்ட் மீற்றர் வாசித்தவன் நான். வாவியோரம் நான் நடந்த நடையை நீட்டிப் போட்டால் நிலவுக்குப் போய், அங்கேயும் மூன்று மீற்றர் பார்த்துவிட்டுத் திரும்பலாம். மிஞ்சியவை ஓய்வூதியமும் வெடித்த குதிக்கால்களும். காணாமல்போன திருகாணி ஒன்று மூன்றாம் நாள் அந்த வெடிப்புக்குள்ளிருந்து கிடைத்தது.

இந்தக் கால்களைத்தான் இம்முறை கோயிலில் தெரிவு செய்தார்கள். பெரிய வியாழன் பூசையில் அப்போஸ்தலர்களாக உட்காரும் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். சபை முழுவதும் பார்த்திருக்க, இயேசு அன்று செய்ததுபோல் பங்குச் சுவாமி முழங்காலிட்டுப் பாதம் கழுவி முத்தமிடுவார்.

"சுவாமிர சொண்டு கிழியப்போகுது," என்றாள் மனைவி பீற்றிஸ். "இஞ்சருங்க, காலுக்கு ஏதும் பாருங்க. இல்லாட்டி நான் வேற கோயிலுக்குப் பூசைக்குப் போறன்."

இருபது நாள் இருந்தது. காத்தான்குடியில் சோப்பு, கிறீம் விற்கும் பென்சிக் கடை வைத்திருக்கும் ஆதம்பாவாவிடம் ஓடினேன். அவர் குதியைக் குனிந்து பார்த்தார்.

"இதென்ன அண்ணன், கோடை வயல்வட்டை போல வெடிச்சிக் கிடக்கு. தண்ணி பாய்ச்சி விதைக்கலாம்."

ஒரு டப்பாவை நீட்டினார். "ஷியா வெண்ணெய். ஆபிரிக்காவில ஒரு மரத்துக் கொட்டையில எடுக்கிற. பாணுக்குப் பூசிராதீங்க. காலை ஊறவெச்சி, ஈரம் காய முந்தித் தடவுங்க. அந்த ஈரத்தத் தோலுக்குள்ள பிடிச்சி வெக்கிறதுதான் இதுர வேலை."

எனக்கு அந்த விளக்கம் போதுமா? முகர்ந்தேன், லேசான புகையோடு வறுத்த கச்சான் கடலை மணம். கட்டியாக இருந்தது உள்ளங்கைச் சூட்டில் உருகியது. ஒரு நாள் வெயிலில் முழுதாக உருகி, ஆறியபின் மணல் மணலாக உறைந்தது. கெட்டுவிட்டதென்று பதறினேன், விரலில் தேய்த்ததும் மணல் கரைந்துபோனது. முழங்கை, உதடு, கதவுப் பிணைச்சல் எல்லாவற்றிலும் பூசிப் பார்த்தேன். கதவு ஊமையாகிவிட்டது.

மீற்றரில் சந்தேகம் வந்தால் பக்கத்தில் இன்னொன்றைப் பூட்டிச் சரிபார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். ஆகவே இடக்காலுக்கு மட்டும் வெண்ணெய். வலக்கால் சோதனை மீற்றர், தொடக்கூடாது. இருபதாம் நாள் என் இடக்குதி, பிறந்து ஒரு கிழமையான குழந்தையுடையது.

பெரிய வியாழன், பூசைக்குச் சற்றுமுன் கோயில் உபதேசியார் சொன்னார்: "வலக்கால் சப்பாத்தை மட்டும் கழற்றுங்க. சுவாமி வலக்கால்தான் கழுவுவார்."

இருபது நாளும் கண் முன்னால் உருகியோடின. முன்வரிசையில் பீற்றிஸ். இடக்காலாவது அவள் கண்ணில் படட்டுமென்று இரண்டையும் கழற்றினேன்.

சுவாமி என் வலக்குதியைக் கையிலேந்தினார். பக்கத்தில் மினுங்கியதைப் பார்த்தார். குனிந்தபடி மெல்லக் கேட்டார்: "செபஸ்தியண்ணன், மற்றது ஆர்ர கால்?"

"என்ரதான் சுவாமி. சோதனையில இருக்கு."

சிரிப்பை அடக்கித் தோள் குலுங்க, வெடிப்புக்காலைக் கழுவி முத்தமிட்டார். சொண்டு கிழியவில்லை.

பூசை முடிந்ததும் பதினொரு அப்போஸ்தலர்களும் வரிசையில் நின்று என் இடக்காலைத் தொட்டுப் பார்த்தார்கள். வீட்டில் பீற்றிஸ் வெந்நீர்ச் சட்டியை என் முன்னால் வைத்தாள்.

"மீற்றர் சரிபார்த்தாச்சிதானே," என்றாள். "இனி வலக்காலைத் தாங்க."