செங்கோட்டையன் நீட்டிய சிப்பாய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சதுரங்கத் திறப்பு ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள வேண்டும். எதிராளியும் அப்படியே தள்ளினால், பக்கத்துச் சிப்பாயை அவன் வாயருகே சும்மா நீட்ட வேண்டும். அவன் அதைத் தின்றால் அவனுடைய சிப்பாய் நடுவை விட்டு விலகிவிடும், நடுப்பலகை நமக்கு. இவ்வளவு எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்தது. (இப்படி ஆடி நான் ஜெயித்ததும் கிடையாது.) ஆகவே கதை.

2

"திருப்பூர், 1968. பனியன் கம்பெனிகளின் சங்கொலியில் விடியும்..." வேண்டாம். எல்லாரும் சங்கில்தான் தொடங்குகிறார்கள்.

பனியன் மடிக்கும் மயிலாள், குழந்தைக்குப் பால் கொடுக்கப் போனாள் என்று வேலையை விட்டு நிறுத்தப்பட்டாள். உடனே வேலைநிறுத்தம். முதலாளி செங்கோட்டையனும் தொழிற்சங்கச் செயலாளர் ஞானசம்பந்தமும் ஞாயிறுதோறும் சதுரங்கம் ஆடும் சிநேகிதர்கள். (நம்ப முடியவில்லையா? எனக்கும்தான். இதை எடுத்துவிட்டால் கதை இல்லை.)

3

முதலாளி ஆள் அனுப்பினார்: கம்பெனிக்கு எதிரே வாசகசாலையில் ஓர் ஆட்டம் ஆடலாம். கம்பெனி கேட்டில் தொழிலாளர்கள் நடுவே உட்கார்ந்திருந்த ஞானசம்பந்தம் எழுந்து போனார். ஜன்னலோர மேசை. செங்கோட்டையன் அதே திறப்பைத்தான் ஆடினார். சிப்பாயை நீட்டியபடியே சொன்னார்:

"உங்களைச் சூப்பர்வைசர் ஆக்கிடறனுங்க. அந்தப் பொம்பளைய மட்டும் விட்ருங்க."

"வேண்டாமுங்க."

பலகையில் நீட்டிய சிப்பாயையும் ஞானசம்பந்தம் தொடவில்லை. [இங்கே அவருடைய நேர்மையைப் புகழ்ந்து ஒரு பத்தி இருந்தது. அழகான பத்தி. அடித்துவிட்டேன், ஏனென்றால்]

அவர் கேட்டுக்குத் திரும்பியபோது பாதிப்பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். ஜன்னலில் இருவரையும் ஒன்றாகப் பார்த்துவிட்டார்கள். இடுப்பில் குழந்தையோடு மயிலாள் நின்றாள்.

"சூப்பர்வைசர் வேல குடுத்தாரு அம்மிணி. வேண்டாம்னுட்டேன்."

"அதச் சொல்ல அங்க போய் உக்காரோணுமுங்களா?"

4

அவள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. நீட்டப்பட்ட சிப்பாய் சூப்பர்வைசர் வேலை அல்ல, அந்த வாசகசாலை நாற்காலி. அவர் நடுவை விட்டு எழுந்தபோதே ஆட்டம் முடிந்திருந்தது. ஆசிரியர் என்று பெயர் போட்டுக்கொள்கிற எனக்கு இது கடைசியில்தான் தெரிகிறது.

முடிவு ஒன்று: மயிலாள் அவரை மன்னிக்கிறாள். (எழுதினேன், என்னை முறைத்தாள்.)

முடிவு இரண்டு: மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவர்களிடம் ஞானசம்பந்தம் உரக்கச் சொன்னார்: "நான் போயிருக்கக் கூடாதுங்க. தப்புத்தானுங்க." யாரோ சிரித்தார்கள்.

மயிலாள் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். "இவளப் புடிங்க. நான் பேசறனுங்க."

அவள் என்ன பேசினாள் என்று எத்தனையோ முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நான்தான் பேசினேன். அதனால் நிறுத்திக்கொள்கிறேன். உள்ளே வேலைக்குப் போனவர்களில், இதைப் படிக்கிற நீங்களும் ஒருவர்; கையில் சாப்பாட்டுத் தூக்குப்போசி. அவள் பேசி முடித்துவிட்டாள். உங்களைத்தான் பார்க்கிறாள்.