பொட்டு வைத்த இடம்

நிரோஷனின் விமானத்துக்கு வருடாந்தச் சோதனை செய்ய நான் கேட்டது ஒன்பது லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். இரண்டு கோப்பைத் தேநீர் முடிவதற்குள் அவர் அதை ஏழு லட்சத்து முப்பதாயிரத்துக்கு இறக்கிவிட்டார்.

நிரோஷனின் குடும்பம் ஹட்டன் டவுனில் ஜவுளிக்கடை வைத்து முன்னுக்கு வந்தது. காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் இருந்த பழைய தோட்டத்துத் தொரை பங்களாவை வாங்கி ஹோட்டலாக்கியவர், கையோடு ஒரு பழைய நாலு சீட்டு விமானத்தையும் வாங்கித் தண்ணீரில் நிறுத்தியிருந்தார். சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே ஓட்டுவார். நான் ரத்மலானையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷொப்பில் விமானப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். லைசன்ஸ் உள்ளவள். நான் கையெழுத்துப் போட்டால்தான் அந்த விமானம் பறக்கலாம்.

சொந்தமாக விமானம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று மட்டும் மண்டையில் ஏறுவதே இல்லை. வாங்குவதோடு செலவு முடிவதில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. பறந்தாலும் பறக்காமல் கிடந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை அக்கக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐம்பது மணி நேரம் பறந்தால் எண்ணெய் மாற்ற வேண்டும். ஹோட்டல் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் பன்னிரண்டு லட்சத்தை வாய் பேசாமல் கொடுத்த மனிதர், என் பட்டியலைப் பார்த்ததும் சந்தையில் கத்தரிக்காய் வாங்க வந்தவராக மாறிவிட்டார்.

"மிஸ், இது என்ன ஒரு லட்சத்து நாப்பதாயிரம்? ஒரு ஓட்டையப் பாக்கிறதுக்கா?"

அது விமானத்தின் இடது பக்கம், கதவுக்கு முன்னால் இருக்கும் ஊசித்துளை. சுற்றிலும் ஒரு சிறிய உலோக வட்டம். அந்தத் துளை வழியாகத்தான் வெளிக்காற்றின் அழுத்தம் உள்ளே போகிறது. உயரம் காட்டும் மீட்டர், வேகம் காட்டும் மீட்டர், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் மீட்டர் மூன்றும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

"அடைச்சுக்கிட்டா எவ்வளவு ஒசரத்துல இருக்கோம்னு தெரியாது சேர்."

"இதுவரைக்கும் அடைச்சிருக்கா?"

"இல்ல."

"அப்ப அத வெட்டுங்க."

அடுத்த வரி, துளை அடைத்துக்கொண்டால் உள்ளேயிருந்து காற்றை எடுக்க உதவும் ஒரு குமிழ். போன வருடமே இறுகிப்போயிருந்தது. அதை மாற்ற ஒரு லட்சத்துப் பத்தாயிரம். "ஓட்டையே அடைக்காதப்ப குமிழ் எதுக்கு?" என்று அதையும் வெட்டினார். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக அவருக்கு ஒரு சிரிப்பு வேறு.

நான் அங்கேயே பட்டியலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. காரணம், என் அம்மா அம்மாக்கண்ணு அவருடைய படகுக் கொட்டகையில்தான் வேலை செய்தாள். லிந்துலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்துக் கால் நரம்பெல்லாம் முடிச்சு விழுந்து, மலை ஏற முடியாமல் போன பிறகு, விமானத்தைத் துடைத்துக் கொட்டகையைக் கூட்டும் அந்த வேலையை நிரோஷன்தான் கொடுத்தார். நான் முரண்டு பிடித்தால் அம்மாவின் வேலை என்னவாகும் என்று பயந்தேன். அதனால் மற்ற வேலைகளை நாலு நாளில் முடித்து, சோதனைப் படிவத்தில், செய்யாத அந்த வேலைக்கும் 'சரி' அடையாளம் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் ஆயுத பூசை.

நான் கொட்டகைக்குப் போனபோது என்னுடைய ஸ்பேனர், டோர்ச் முதல் அத்தனையும் அம்மன் படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் வரிசையாகப் படுத்திருந்தன. நிரோஷன் வானத்தில் வழியும் உயரமும் பார்க்கும் டேப்லெட்டுக்கும் குங்குமம் வைத்திருந்தாள் அம்மா. விமானத்தைக் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்க்கலாம் என்று டோர்ச்சை எடுக்கப் போனேன். கையில் ஒரு அடி விழுந்தது.

"தொடாத பாப்பா. ஆயுதத்துக்கு இன்னைக்கு லீவு. நாளைக்குத்தான் எடுக்கணும்."

சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். பூசை முடிந்தால் வண்டியை ஒரு சுற்று ஓட்ட வேண்டும் அல்லவா? எலுமிச்சம்பழத்தை நசுக்கச் சக்கரம் இல்லாததால் அம்மா அதை மிதவைக்கு அடியில் தண்ணீரில் போட்டாள். நிரோஷன் வேட்டி சட்டையில் நல்ல சந்தோஷமாக இருந்தார்.

"அம்மாக்கண்ணு, ரெண்டு வருசமா தொடைக்கிறீங்க, ஒரு நாளாவது ஏறியிருக்கீங்களா? வாங்க, ஒரு ரவுண்டு போவோம்."

அம்மா என்னைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயதுக்காரியின் முகத்தில் அப்படியொரு ஆசையை நான் பார்த்ததில்லை. "போயிட்டு வாங்கம்மா" என்றேன். கையிலிருந்த பித்தளைக் குங்குமச் சிமிழைக்கூடக் கீழே வைக்காமல் ஏறி உட்கார்ந்தாள்.

பிற்பகல் இரண்டு மணி. நோர்வூட் பக்கத்து மலையில் பனி லேசாக இறங்கத் தொடங்கியிருந்தது. பத்து நிமிடச் சுற்றுதானே என்று நினைத்தோம். விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி எழும்பியது. புறப்படும் முன் எடுத்த படத்தை போனில் ஸ்டேட்டஸ் போடலாம் என்று திறந்தேன். கண்ணாடிக்குள் அம்மா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். விமானத்தின் மூக்கில் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு. கதவில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் சின்னதாக இன்னொன்று, உலோக வட்டத்துக்குள் அளவெடுத்து வைத்தது போல.

அந்த ஊசித்துளை அதற்கு அடியில்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது விமானம் இல்லை. எதிர்க்கரையும் இல்லை. பனி மொத்தமாக இறங்கி மலைகளை மூடியிருந்தது. சத்தம் மட்டும் கேட்டது.

கொட்டகைக்குள் ஓடிக் கையில் பிடிக்கும் ரேடியோவை எடுத்தேன்.

"சேர், கிருஷாந்தி பேசுறேன். கேக்குதா?"

"மிஸ், ஒண்ணுமே தெரியல." அவர் குரல் ஏற்கெனவே உடைந்திருந்தது. "எல்லாம் வெள்ளையா இருக்கு. ஒசரம் மூவாயிரத்து அறுநூறுன்னே காட்டுது. நா ஏறிக்கிட்டுத்தான இருந்தேன்? மீட்டர் அசையவே இல்ல."

மூவாயிரத்து அறுநூறு அடி என்பது நான் நின்றுகொண்டிருந்த தண்ணீர் மட்டம்.

"அத நம்பாதீங்க. அந்த ஓட்டை அடைச்சிருச்சு. வேகம் எவ்வளவு காட்டுது?"

"ரொம்பக் கொறையுது. விழுந்துருவோம் போல. மூக்கக் கீழ எறக்கிட்டேன்."

"எறக்காதீங்க! வேகமும் பொய் சேர்! நேரா வைங்க, எஞ்சினக் கூட்டுங்க!"

சத்தம் நெருங்கி வந்தது. மேலே, இடப்பக்கம், தேயிலை மலை இருக்கும் திசையில். அந்த மலைச்சரிவில் நின்றால் இந்தத் தண்ணீரைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். அம்மா இருக்கும் விமானம் அதை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நான் பொய்யாகப் போட்ட 'சரி' அடையாளம் கண் முன்னால் நின்றது.

"டேப்லெட்டு?" என்று கத்தினேன். கேட்கும்போதே அது எதிரில் குங்குமத்தோடு இருப்பதைப் பார்த்தேன். குமிழ் இறுகியிருந்தது. மிச்சம் இருந்தது ஒரே வழி.

"சேர், ஏறுதா எறங்குதான்னு காட்டுற மீட்டர் இருக்கில்லையா, வலது பக்கம் கீழ? அதோட கண்ணாடிய ஒடைங்க. உள்ள இருக்கிற காத்து அதுக்குள்ள போகும். மத்த மீட்டரெல்லாம் உயிர் வந்துரும்."

"ஒடைக்கவா? அது மூணு லட்சம் மிஸ்!"

அந்த நிமிடத்தில் அந்த மனிதரை நான் வெறுத்தது போல் வாழ்க்கையில் யாரையும் வெறுத்ததில்லை. "அம்மா!" என்று ரேடியோவில் அலறினேன். "அம்மா, கேக்குதா? தொரைக்கு முன்னால, வலது கையோரம் கீழ, சைபர் போட்ட வட்டம். அத ஒடைங்க!"

டங் என்று பித்தளைச் சிமிழ் மோதும் சத்தம். மறுபடி ஒன்று. மூன்றாவது அடியில் கண்ணாடி நொறுங்கியது எனக்கே கேட்டது.

"ஓடுது!" நிரோஷன் கத்தினார். "முள்ளு ஓடுது! நாலாயிரத்து நானூறு!"

"மலை அதவிட ஒசரம். மேல ஏறுங்க. திரும்பாம நேரா மேல ஏறுங்க."

எஞ்சின் முழு வேகத்தில் அலறியது. சத்தம் மலைப்பக்கமே மேலே ஏறிப் போய்த் தேய்ந்தது. நான் ரேடியோவை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏதாவது மோதும் சத்தம் வருமா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு ரேடியோவில் அம்மாவின் குரல்.

"பாப்பா, வெயிலு அடிக்குது. அந்தா சிவனொளிபாதமலை தெரியுது."

பனிக்கு மேலே வந்துவிட்டார்கள். அணைக்கட்டுப் பக்கம் இன்னும் பனி மூடாமல் திறந்திருப்பது எனக்குக் கரையிலிருந்து தெரிந்தது. அந்தத் திறப்பைத் தேடி வரச் சொல்லி, உயரத்தைப் படிக்கச் சொல்லிச் சொல்லி இறக்கினேன். இருபது நிமிடம் கழித்து விமானம் தண்ணீரில் இரண்டு தரம் குதித்து நின்றது.

அம்மா தானாகவே இறங்கினாள். நிரோஷனைத்தான் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. கொட்டகையோரம் போய் வாந்தி எடுத்தார். நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் விரலெல்லாம் கண்ணாடிக் கீறல்.

"ஏம்மா அந்த ஓட்டையில வச்சீங்க?"

"வட்டமா அடையாளம் போட்டிருந்துச்சு. பொட்டு வைக்கிறதுக்குன்னு நெனச்சேன்" என்றாள்.

கால் மணி நேரத்தில் நிரோஷன் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவருக்குள் இருந்த வியாபாரி திரும்பி வந்திருந்தார். நான் விமானத்தின் பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன்.

"என்ன எழுதப் போறீங்க மிஸ்?"

"நடந்தத."

"கூட்டுற பொம்பள தெரியாம பொட்டு வச்சு அடைச்சிருச்சுன்னு எழுதுங்க. அது பொய் இல்லையே. ஒங்க லைசன்சும் தப்பும், ஒடைஞ்ச மீட்டருக்கு எனக்கும் இன்சூரன்ஸ் கெடைக்கும். அம்மாவுக்கு ஹோட்டல் கிச்சன்ல வேற வேலை போட்டுத் தாரேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. அம்மா உடனே தலையாட்டினாள்.

"எழுது பாப்பா. தோட்டத்துல கிலோ கொறஞ்சா அரைச் சம்பளம்தான்னு அரைப்பேரு போட்டாங்க. எத்தன தரம் வாங்கியிருக்கேன். இதுல என்ன வந்துரப் போவுது?"

அதைக் கேட்டதும் ஆசை செத்துப்போனது. எழுதினேன். இங்கிலீஷில் எழுதியதை அம்மாவுக்குப் புரியும்படி தமிழில் வாசித்தேன். "காற்றுத்துளைச் சோதனையை நான் செய்யவில்லை. செய்ததாகக் கையெழுத்துப் போட்டேன். கிருஷாந்தி."

அம்மாவின் முகம் மாறியது. "லைசன்சு?"

"புடுங்கிருவாங்கம்மா. கொஞ்ச நாளைக்கோ, ஒரேயடியாவோ."

தோட்டத்துச் சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த இ.பி.எப். காசு முழுவதையும் என் படிப்பில் கொட்டியவள் அவள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ புத்தகத்தில் விரல் வைத்தாள்.

"பொட்டு வச்சது நாந்தான். அதையும் எழுது. நீ மட்டும் உண்மையச் சொன்னாப் போதுமா?"

அதை எழுதினேன். அம்மாக்கண்ணு என்று அவள் தன் கையால் போட்டாள். மூன்றாவது வரியையும் எழுதினேன்: சோதனையும் குமிழும் வேண்டாமென்று வெட்டியவர் விமானத்தின் சொந்தக்காரர். கையெழுத்துக்கு இடம் விட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"இதுல நா போட மாட்டேன்" என்றார் நிரோஷன். "போட்டா இன்சூரன்ஸ்காரன் ஒரு சதம் தர மாட்டான்."

அம்மா எழுந்து, முந்தானையில் விரல் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"மேல என் கையப் புடிச்சுக்கிட்டு, எம் புள்ளைங்களப் பாக்கணும்மான்னு அழுதீங்களே தொரை. அத நா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எம் புள்ள இங்க ஒத்தையில நிக்குது. ஒங்க பேர எழுதுங்க."

நிரோஷன் அவளைப் பார்த்தார். கீறல் விழுந்த அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன்.