முப்பது நொடிப் புஷ்பாஞ்சலி

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். திருச்சூர் பக்கம் எங்கள் கோயிலில் பூசாரி பாவம், தங்கமான மனிதர். கொடுக்காதவர் மேனேஜர் மாதவ வாரியர்.

இணையத்தில் வழிபாட்டுக்குப் பதிவு செய்தவர்களின் பெயரும் நட்சத்திரமும் விடியற்காலையில் நட்சத்திர வரிசைப்படி பட்டியலாக அச்சாகி மேல்சாந்தி என்கிற அந்தப் பூசாரி கைக்குப் போகும். அவர் ஒவ்வொரு பெயராக வாசித்துப் பூ போடுவார். பட்டியல் போடும் புரோகிராமை எழுதியவள் நான், பிரசீதா. ஒருமுறை அது நிற்காமல் ஓடி சர்வரையே படுக்கவைத்தது. உடனே வாரியர் கமிட்டியைக் கூட்டி, எந்த புரோகிராமும் முப்பது நொடிக்கு மேல் ஓடக்கூடாது என்று தீர்மானம் போட்டு முத்திரை குத்திவிட்டார். நேரம் முடிந்தால் சர்வர் அதை அந்த இடத்திலேயே வெட்டிவிடும். பிழைச் செய்தியும் காட்டக்கூடாதாம், பக்தர்கள் மனம் கலங்குமாம்!

பதிவுகள் பெருகின. பட்டியல் பாதியில் அறுந்தது.

"சாரே, ரெண்டு நிமிஷமாக்கித் தாங்க. நிறைய பேரு விட்டுப்போகுது."

"முப்பது செகண்டுல முடிக்கத் தெரியலன்னா அது உன் சோம்பேறித்தனம், மோளே. இன்னும் நேரம் குடுத்தா நீயும் அதுவும் சேர்ந்து தூங்குவீங்க. மாத்தணும்னா கமிட்டி கூடணும்."

கமிட்டி கடைசியாகக் கூடியதே அந்தத் தீர்மானத்துக்குத்தான்.

வாரியரின் மகள் ஸ்ரீகலாவுக்கு வரன் அமையவில்லை. அவள் பெயரில் மாதாமாதம் சுயம்வர புஷ்பாஞ்சலிக்குப் பதிவு செய்து வந்தார். பதினோராம் மாதம் பொறுமை போய் மேல்சாந்தியை அலுவலகத்துக்கு வரவழைத்தார்.

"திருமேனி, ஒரு பய எட்டிப் பாக்கல. மந்திரத்தைச் சொல்றீங்களா, முழுங்கறீங்களா?"

மேல்சாந்தி பழைய பட்டியல்களை மேசையில் போட்டார். "நீங்களே தேடுங்க வாரியரே. எல்லாம் அஸ்வதியில ஆரம்பிச்சு பூரட்டாதியோட நிக்குது. உங்க பொண்ணு கடைசி நட்சத்திரம், ரேவதி. ஒரு மாசமும் அவ பேரு எனக்கு வந்ததில்ல."

வாரியர் முகம் செத்துவிட்டது. எனக்கே ஐயோ பாவம் என்றிருந்தது. இப்போதாவது நேரத்தைக் கூட்டுவார் என்று நினைத்தேன்.

"பட்டியலைத் தலைகீழாப் போடு. ரேவதி மொதல்ல வரட்டும்."

"அப்போ அஸ்வதிக்காரங்க?"

"இத்தனை நாள் அனுபவிச்சாங்கல்ல?"

போட்டேன். அடுத்த மாதமே பாலக்காட்டிலிருந்து நல்ல வரன் வந்தது. நிச்சயத்துக்கு நாளும் குறித்தார்கள். பையனின் அம்மா ஆசையாக எங்கள் கோயிலிலேயே அவன் பெயரில் புஷ்பாஞ்சலிக்குப் பதிவு செய்துவிட்டு, விடியற்காலையில் வந்து நடையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கடைசிப் பெயர் வரை நின்றாள். பையன் அஸ்வதி நட்சத்திரம்.

நேரே அலுவலகத்துக்கு வந்து ரசீதை மேசையில் அறைந்தாள். "நீங்க மேனேஜரா இருக்கற கோயில்லயே எம் பையன் பேருக்கு இடமில்ல. நாளைக்கு உங்க வீட்டுல மட்டும் இருக்குமா? இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

அவள் படி இறங்கிப் போனாள். வாரியர் என் பக்கம் திரும்பினார்.

"மோளே, அந்த முப்பதை எவ்வளவு வேணும்னாலும் ஆக்கு. இப்பவே ஆக்கு."

"கமிட்டி கூடணும், சாரே" என்றேன்.